ஐந்து விநாடிப் பொறுமைக்கு ஏற்ற தடையி

போன மாதம் பழுதான ஒரு கணினி மின்வழங்கியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு நான் தேநீர் எடுக்க எழுந்தபோது, விடுமுறைக்கு வந்திருந்த அக்காவின் மகன் அதன் பலகையைத் தூக்கிப் பார்க்கக் கையை நீட்டினான். "கை வையாதை!" என்று நான் போட்ட சத்தத்தில் திடுக்கிட்டுப்போய், "மாமா, பிளக்கைக் கழட்டி அரை மணித்தியாலத்துக்கு மேலாச்சு" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. வோல்ற் அளக்கும் பல்மானியின் முனைகளை, பலகையில் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய கொள்ளளவியின் இரண்டு கால்களிலும் வைத்துக் காட்டினேன். 311 வோல்ற் நின்றது.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இதை எப்பிடி இறக்கிறது, எந்த ரெசிஸ்டர் போடுறது?" என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் தடையி, கொள்ளளவி என்று படிப்பதையே கடையில் ரெசிஸ்டர், கண்டென்சர் என்று கேட்டு வாங்குகிறோம். எந்தப் பெயரில் கேட்டாலும் கேள்வி நல்ல கேள்விதான். அன்று நின்ற நிலையில் நான் சொன்ன பதில் அரைகுறையானது என்பதால், ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்த 311 வோல்ற் ஏன் அங்கே நின்றது என்பதைச் சொல்ல வேண்டும். நமது வீடுகளுக்கு வரும் 230 வோல்ற் ஆடலோட்டம், அதை நேரோட்டமாக்கும் சீராக்கியைக் கடந்து கொள்ளளவியை நிரப்பும்போது, அதன் உச்சப் பெறுமானமான ஏறத்தாழ 325 வோல்ற்றுக்கு நிரப்புகிறது. திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டில் இரவு பத்து மணிக்குப் பிறகு 245 வோல்ற் வரை அளந்திருக்கிறேன்; அப்போது உச்சம் 346 ஆகிவிடும். வலுக்காரணியைத் திருத்தும் சுற்று உள்ள புதிய மின்வழங்கிகள், ஓடிக்கொண்டிருக்கும்போது அதையும் உயர்த்தி 380 முதல் 400 வோல்ற் வரை வைத்திருக்கின்றன. மின்னைத் துண்டித்த பிறகு இந்த ஏற்றம் மெல்ல இறங்க வேண்டும் என்பதற்காகவே பல மின்வழங்கிகளில் கொள்ளளவிக்குக் குறுக்கே நிரந்தரமாகப் பெறுமானம் கூடிய ஒரு தடையியை வைத்துவிடுகிறார்கள். 220 கிலோஓம் என்று வைத்துக்கொண்டால், 470 மைக்ரோபரட் கொள்ளளவியை 325 வோல்ற்றிலிருந்து 60 வோல்ற்றுக்கு இறக்க அதற்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் தேவைப்படும். அதைவிடப் பெறுமானம் குறைந்த தடையியை வைத்தால் சாதனம் ஓடும் நேரமெல்லாம் கூடுதல் மின் வெப்பமாக வீணாகும் என்பதால், வடிவமைப்பவர்கள் இந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

என் மேசையிலிருந்த மின்வழங்கியில் அந்தத் தடையி இருந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. பெரிய உறுப்புகள் அதிராமலிருக்கத் தொழிற்சாலையில் ஊற்றிய மஞ்சட் பசை காலப்போக்கில் கபில நிறமாகி, தடையியின் ஒரு காலை அரித்திருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, பச்சையாகப் பூத்திருந்த உப்புக்கு நடுவே கம்பி மயிரிழை அகலத்துக்கு அற்றுப்போயிருந்தது தெரிந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் பலகைகளின் மேல் ஈர உப்புப் படியும் கடலோர ஊரில் இது புதினமல்ல. உப்புவெளி என்று ஊருக்குச் சும்மாவா பெயர் வைத்தார்கள்?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருந்த சாதனத்தின் பிளக்கைக் கழற்றினால், அது தன் கொள்ளளவியில் இருக்கும் சக்தியைத் தானே சில விநாடிகளில் தின்றுவிடும். பழுதாகி ஓடாமல் நிற்கும் சாதனத்துக்குத் தின்ன வாயில்லை. சக்தி அப்படியே தங்கியிருக்கும். திருத்துபவரின் கைக்கு வருவதோ எப்போதும் ஓடாத சாதனம்தான்.

நமது பட்டறைகளில் பரம்பரை வழக்கமாக நடப்பது, திருப்புளியின் நுனியைக் கொள்ளளவியின் இரு கால்களுக்கும் குறுக்கே வைத்து "டப்" என்று அடித்துவிடுவது. நானும் பழகிய காலத்தில் அதைச் செய்தேன். திருப்புளி நுனியில் விழும் குழி, பலகையில் எரிந்துபோகும் செப்புத் தடம், முகத்துக்குத் தெறிக்கும் உலோகத் துளி ஆகியவை கண்ணுக்குத் தெரியும் கேடுகள். கொள்ளளவியின் உள்ளே தகட்டையும் காலையும் இணைக்கும் மெல்லிய பட்டைகளூடாக அந்தக் கணத்தில் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயலாம் என்பது கண்ணுக்குத் தெரியாத கேடு. அதற்குப் பிறகு அந்தக் கொள்ளளவி எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

இது சரியில்லை என்று விளங்கிய பிறகு நான் செய்தது அதைவிடப் பெரிய பிழை. கையில் அகப்பட்ட 1 கிலோஓம், கால் வாற் தடையி ஒன்றின் கால்களைக் குறட்டால் வளைத்துப் பிடித்து, 325 வோல்ற் நின்ற கொள்ளளவியின் கால்களில் வைத்தேன். மெல்லிய "டிக்" சத்தம் ஒன்று கேட்டது, அவ்வளவுதான். பொறியும் இல்லை, புகையும் இல்லை. வேலை முடிந்தது என்று நினைத்துப் பலகையைத் தூக்கியவன், அதைத் திரும்ப மேசையில் வைத்ததாக நினைவில்லை, எறிந்திருக்கிறேன். முழங்கை வரை ஏறிய விறைப்பு இறங்க நெடுநேரம் எடுத்தது. கணக்குப் பார்த்தால் காரணம் எளிது: 325 வோல்ற்றை 1 கிலோஓமுக்குக் கொடுத்தால் முதற் கணத்தில் 105 வாற்றுக்கு மேல் வருகிறது. கால் வாற் தடையிக்கு அது அதன் தரத்தைப்போல் நானூறு மடங்கு. அது பாதி வழியிலேயே உள்ளே அற்றுப்போய், கொள்ளளவியைப் பெருமளவு நிரம்பியபடியே விட்டுவிட்டது. திருப்புளியாவது சத்தம் போட்டுச் சொல்லும். பொருத்தமில்லாத தடையி ஒன்றும் சொல்லாமல் செத்துப்போகிறது.

ஆகவே தடையியைத் தெரிவு செய்யும்போது நான் முதலில் கேட்பது, கை எவ்வளவு நேரம் ஆடாமல் ஒரே இடத்தில் நிற்கும் என்பதுதான். என் அனுபவத்தில் அது ஐந்து விநாடி. அதற்கு மேல் என்றால் கை சலித்து விலகும், அல்லது தொலைபேசி அடிக்கும், அல்லது வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். தடையின் பெறுமானத்தை ஓமிலும் கொள்ளளவத்தைப் பரட்டிலும் எடுத்துப் பெருக்கினால் வருவது நேர மாறிலி. ஒரு நேர மாறிலி கழிந்ததும் கொள்ளளவியில் 37 சதவீத வோல்ற்றளவு எஞ்சும். ஐந்து கழிந்ததும் 1 சதவீதத்துக்கும் குறைவு. 400 வோல்ற்றில் தொடங்கினால் 147, 54, 20, 7, பின்னர் 3 வோல்ற்றுக்குச் சற்றுக் குறைவு என்று படியிறங்கும். ஐந்து விநாடியில் ஐந்து நேர மாறிலிகள் கழிய வேண்டுமானால் ஒன்று ஒரு விநாடியாக இருக்க வேண்டும். 470 மைக்ரோபரட்டுக்கு அது ஏறத்தாழ 2.1 கிலோஓம் என்று வருகிறது. கடையில் கிடைக்கும் அடுத்த பெறுமானம் 2.2 கிலோஓம்.

அடுத்தது வாற் கணக்கு. பலர் தடுமாறுவது இங்கேதான். 400 வோல்ற்றில் 2.2 கிலோஓம் தடையியை வைத்தால் முதற் கணத்தில் 0.18 அம்பியர் பாயும், 73 வாற் வெப்பம் பிறக்கும். இதைக் கண்டு பயந்து 75 வாற் தடையி தேடி அலைய வேண்டியதில்லை. வலு வோல்ற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வோல்ற்றளவைவிட இரு மடங்கு வேகத்தில் இறங்குகிறது. ஒரு விநாடி கழிந்ததும் 73 வாற் ஏறத்தாழ 10 வாற்றுக்கு வந்துவிடும். எனவே 10 வாற் தடையி ஒன்று தன் தரத்துக்கு மேற்பட்ட சுமையைச் சுமப்பது அந்த ஒரே ஒரு விநாடிக்குத்தான், அதுவும் குறைந்துகொண்டே போகும் சுமை. கம்பி சுற்றி, வெள்ளைச் சீமெந்துப் பெட்டிக்குள் அடைத்த தடையிகள் இப்படியான சில விநாடி மிகைச்சுமைக்கு முகம் கொடுப்பவை, ஏனென்றால் வெப்பத்தை வாங்கிக்கொள்ள அவற்றில் கம்பியும் உடலும் உண்டு. மெல்லிய காபன் படலத்தில் அந்தத் திண்மை கிடையாது.

மொத்த வெப்பம் எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். 400 வோல்ற்றில் 470 மைக்ரோபரட்டில் தேங்கி நிற்பது ஏறத்தாழ 38 யூல். ஒரு கிலோ எடையுள்ள தேங்காய் 4 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரத்திலிருந்து விழுந்தால் வரும் சக்தி அது. தலையில் வாங்க யாரும் விரும்பமாட்டார்கள், ஆனால் சீமெந்துத் தடையியின் உடலில் பரவினால் அது சூடானதே கைக்குத் தெரியாது. எந்தத் தடையியைப் போட்டாலும் இந்த 38 யூலில் மாற்றமில்லை. 470 ஓம் போட்டால் அது கால் விநாடிக்குள் பெரும்பாலும் கொட்டிவிடும், முதற் கணத்தில் 340 வாற் எழும், தொடும் முனையில் பொறி தெறிக்கும். 10 கிலோஓம் போட்டால் முதற் கணத்தில் 16 வாற் மட்டுமே, ஆனால் 23 விநாடிக்கு மேல் கை ஆடாமல் நிற்க வேண்டும். நான் அப்படி நிற்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஏழாவது விநாடியில் போதுமென்று எடுத்துவிடுவேன், அப்போது அங்கே 90 வோல்ற் இருக்கும்.

மூன்றாவது கணக்கைப் பெரும்பாலானோர் போடுவதே இல்லை. வாற் போதுமானதாக இருந்தாலும், ஒவ்வொரு தடையிக்கும் தாங்கக்கூடிய வோல்ற்றளவு என்று தனியாக ஒன்று உண்டு. சாதாரண கால் வாற் காபன் படலத் தடையிகளுக்கு அது பெரும்பாலும் 250 வோல்ற், அரை வாற்றுக்கு 350 வோல்ற் அளவில் இருக்கும். 400 வோல்ற் கொள்ளளவிக்குக் குறுக்கே தனி ஒரு சிறிய தடையியை வைப்பது இதனாலும் தவறு. தொடரில் இரண்டை இணைத்தால் வோல்ற்றளவையும் வெப்பத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். இங்கே நகரத்துக் கடைகளில் 2.2 கிலோஓம் 10 வாற் கிடைக்காமல், கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிடுவோமா என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, அதுவே வழியாக அமைந்தது. 1 கிலோஓம் 10 வாற் இரண்டு கிடைத்தன. தொடரில் 2 கிலோஓம், ஒவ்வொன்றுக்கும் 200 வோல்ற். ஒரே தடையியைவிட இது நல்ல ஏற்பாடு என்றே இப்போது எண்ணுகிறேன்.

இவை இரண்டையும் ஈயம் வைத்து இணைத்து, வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் பிவிசி குழாய்த் துண்டுக்குள் இறக்கி, 1000 வோல்ற் காவலியுள்ள சிலிக்கன் வயர் இரண்டை வெளியே எடுத்தேன். ஒன்றின் நுனியில் முதலைக் கவ்வி, மற்றதில் பல்மானியின் பழைய ஊசிமுனை. கவ்வியைக் கொள்ளளவியின் மறைக் காலில் முதலில் மாட்டிவிட்டால், பிறகு ஒரே கையால் ஊசிமுனையை நேர்க் காலில் வைக்கலாம். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். சாதனத்தின் இரும்புப் பெட்டியில் கவ்வியை மாட்டக் கூடாது, ஏனென்றால் இவ்வகை மின்வழங்கியின் முதன்மைப் பக்க (வீட்டு மின் வந்து சேரும் பக்க) மறைமுனை பெட்டியோடு இணைந்திருப்பதில்லை. கச்சான் காற்றடிக்கும் வெயில் மாதங்களில் உள்ளங்கை எப்போதும் வியர்த்தே இருக்கும். நனைந்த தோலின் தடை காய்ந்த தோலின் தடையைவிட மிகக் குறைவு என்பதால் அந்த மாதங்களில் நான் இன்னும் கவனம்.

அதில் ஒரு சிறு விளக்கையும் இணைக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான் சேர்க்கவில்லை. விளக்கு அணைந்திருந்தால் கொள்ளளவி வெறுமை என்றும் கொள்ளலாம், விளக்கே பழுது என்றும் கொள்ளலாம். பழைய குண்டு மின்குமிழைக் கொண்டு இறக்குபவர்களுக்கும் இதே சிக்கல்தான்: இழை சிவப்பதை நிறுத்தும்போதும் சில பத்து வோல்ற் எஞ்சியிருக்கும். அத்தோடு, 60 வாற் மின்குமிழின் இழை ஒளிரும்போது ஏறத்தாழ 880 ஓம், குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தொடும் முதற் கணத்தில் அது தடையியாக அல்ல, ஏறக்குறையத் திருப்புளியாகத்தான் நடந்துகொள்கிறது. ஆகவே எனக்குச் சாட்சி பல்மானி மட்டுமே. அதன் முனைகளையும் கொள்ளளவியில் மாட்டிவிட்டு, இலக்கங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே தடையியை வைக்கிறேன். அதற்கு முன் குழாயின் இரு முனைகளுக்கும் இடையே 2 கிலோஓம் காட்டுகிறதா என்று ஒரு தடவை அளக்கிறேன். பல்மானி சரியாக இருக்கிறதா என்று ஒரு பற்றரியில் முன்னும் பின்னும் பார்க்கிறேன். பல்மானி மாட்டியிருப்பதே கொள்ளளவியை இறக்கிவிடும் என்று நம்புபவர்களும் உண்டு. அதன் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். 470 மைக்ரோபரட்டோடு சேர்ந்தால் ஒரு நேர மாறிலிக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும்.

இந்தக் குழாய் எல்லாவற்றுக்கும் உதவும் என்று எண்ணிவிடக் கூடாது. கோயில் திருவிழாவுக்கு ஓடும் ஒலிபெருக்கியின் மின்வழங்கியில் 65 வோல்ற்றில் 10,000 மைக்ரோபரட் நிற்கும். அதை 2 கிலோஓமால் இறக்கப் போனால் நேர மாறிலியே 20 விநாடி. நூறு விநாடி நிற்க வேண்டும். அதற்கு 100 ஓம் 10 வாற் தடையி சரி: நேர மாறிலி ஒரு விநாடி, முதற் கணத்தில் 0.65 அம்பியர், 42 வாற், மொத்தம் 21 யூல். ஆனால் அதே 100 ஓமைத் தவறுதலாக 400 வோல்ற்றில் வைத்தால் முதற் கணத்தில் 1600 வாற். இதனால் என்னிடம் இரண்டு குழாய்கள் இருக்கின்றன, நீளமும் நிறமும் வேறு. 100 ஓம் குழாய் குட்டையானது, அதில் "65 வோல்ற் மட்டும்" என்று பெயின்ற்றால் எழுதியிருக்கிறேன். மைக்ரோவேவ் அடுப்பின் கொள்ளளவி ஆயிரக்கணக்கான வோல்ற்றில் நிற்பது. அதற்கு இரண்டு குழாயும் ஆகாது, நான் அந்த அடுப்புகளைத் திறப்பதுமில்லை. மின்னைப் பற்றரியிலிருந்தோ கூரைச் சூரியத் தகடுகளிலிருந்தோ பெறும் சாதனங்களில், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொள்ளளவி நிரம்பிக்கொண்டேயிருக்கும். அந்த மூலத்தைப் பிரிக்காமல் தடையியை வைத்தால் அது ஓயாமல் சுமந்து எரியும். 2022 ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தபோது வீடெங்கும் பற்றரியோடு கூடிய இன்வேட்டர்கள் வந்தன. அவற்றைத் திருத்தக் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது பற்றரியைக் கழற்றினீர்களா என்பதுதான்.

பழைய மாதிரி மின்வழங்கிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு பெரிய கொள்ளளவிக்குப் பதிலாக 200 வோல்ற் தரமுள்ள இரண்டு தொடரில் நிற்கும். நிரம்பியிருக்கும்போது இரண்டும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் என்பது உறுதியில்லை. ஒன்றில் 180, மற்றதில் 145 என்று நான் அளந்திருக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து வெளி முனைகளில் தடையியை வைத்தால், இரண்டிலிருந்தும் ஒரே அளவு ஏற்றம்தான் வெளியேறும். ஒரே கொள்ளளவம் உள்ளவை என்றால் இரண்டும் ஆளுக்கு 162.5 வோல்ற் இழந்ததும் மொத்தம் பூச்சியம் என்று பல்மானி காட்டும், ஆனால் ஒன்றில் 17.5 வோல்ற் நேராகவும் மற்றதில் அதே அளவு எதிராகவும் நிற்கும். இது கையைச் சுடும் அளவல்ல. ஆயினும் நடுமுனையில் கொள்ளளவ மீற்றரை வைப்பவர் அந்த மீற்றரை இழக்க நேரும். ஒவ்வொன்றாக இறக்குவதே சரி.

மருமகனுக்கு அன்று அந்த 311 வோல்ற்றை இறக்கிக் காட்டினேன். ஐந்து விநாடியில் 1.5 வோல்ற். கவ்வியை எடுத்துவிட்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்து, அவனையே மறுபடி அளக்கச் சொன்னேன். 19 வோல்ற் என்று வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். இப்படியான மின்பகு (எலெக்ட்ரோலிற்றிக்) கொள்ளளவிகளின் இயல்பு அது. காவலிப் படலத்துக்குள் ஊறியிருந்த ஏற்றம், வெளியிலிருப்பதை இறக்கிய பிறகு மெல்லக் கசிந்து திரும்பி வரும். நெடுநேரம் நிரம்பியிருந்த கொள்ளளவியில் அது கூடுதலாக வரும். இரண்டாவது தடவை இறக்கி, இம்முறை கால்களுக்குக் குறுக்கே ஒரு வெறும் வயர்த் துண்டை ஈயம் வைத்து ஒட்டிவிட்டோம். வேலை முடியும்வரை அது அங்கேயே இருக்கும். முன்னொரு முறை அதை எடுக்க மறந்து மின்னைக் கொடுத்து, உருகியோடு வீட்டின் பிரதான ஆளியையும் விழுத்தியவன் நான். அதனால் இப்போதெல்லாம் அந்த வயரில் அக்காவின் தையற் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு முழ நீளச் சிவப்பு நாடாவைக் கட்டி, அது மேசைக்கு வெளியே தொங்கும்படி விடுகிறேன்.